நீலம் ஏறாத தாள்

அக்டோபர் 2

என் மகன் கல்யாணத்தில் என்னை மணையில் உட்கார விடவில்லை. என் இடத்தில் என் தங்கை குருவம்மாளை உட்கார வைத்தார்கள். இது எனக்குச் செய்த அநியாயம். செய்தவர்களில் ஒருவர்கூட இன்றுவரை தப்பு என்று சொல்லவில்லை. இந்த டைரியில் வேறு எதையும் எழுதுவதற்கு முன்னால் இதை எழுதி வைக்கிறேன்.

அவர்கள் சொன்ன காரணம், நான் தாலி இழந்தவள். மணையில் ஜோடியாக உட்கார வேண்டுமாம். குருவம்மாளுக்குப் புருஷன் இருந்தார், எனக்கு இல்லை. அவ்வளவுதான் காரணம்.

தெய்வேந்திரனைப் பெற்றவள் அவள்தான். இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவளுக்கு மூன்றாவதும் ஆணாகப் பிறந்தது. எனக்கு ஒன்றுமே தங்கவில்லை. குலசாமி கோயில் வாசலில் வைத்து ஒரு படி தவிடு கொடுத்து அவனை வாங்கினேன். எங்கள் பக்கத்தில் பிள்ளை வாங்குவது அப்படித்தான். அவள் முந்தானையை ஏந்தினாள், நான் தவிட்டைக் கொட்டினேன், என் வீட்டுக்காரர் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து அவனுக்கு நான் அம்மா, அவள் சித்தி. கொடுத்த பிறகு கொடுத்ததுதான்.

கல்யாணத்தன்று என்னை ஸ்டோர் ரூம் வாசலில் சாவியோடு நிற்க வைத்தார்கள். அரிசியும் தேங்காயும் எடுத்துக் கொடுக்க நம்பிக்கையான ஆள் வேண்டுமாம். தாலி கட்டி முடிந்ததும் சாவியைச் சமையல்காரரிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். அன்று முதல் மகனிடமும் தங்கையிடமும் பேச்சு இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் அவளும் தாலி இழந்தாள். அதற்கும் நான் போகவில்லை.

இன்று தெய்வேந்திரன் வந்தான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் வருபவன் இடையில் வந்தால் ஏதோ காரணம் இருக்கும். அவன் வந்தால் நான் பூனையிடம்தான் பேசுவேன். "வந்தவரு வெயில்ல வந்திருக்காரு, மோர் குடிக்கச் சொல்லு" என்றேன். குடித்தான். குருவம்மாள் சாத்தூரில் மூத்த மகன் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாளாம். என்னைப் பார்க்க வேண்டுமாம்.

"வாரேன்னு சொல்லு. அதுக்கு முன்னாடி, 'நான் செஞ்சது தப்பு அக்கா'ன்னு அவ வாயால சொல்லணும். சொல்லுவாளான்னு கேட்டுட்டு வரச் சொல்லு" என்று பூனையிடம் சொன்னேன்.

அவன் கொஞ்ச நேரம் பூனையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போய்விட்டான்.

இந்த டைரி பக்கத்து வீட்டு அழகுமலை கொடுத்தது. அவன் இங்கே சிவகாசி அச்சாபீஸில் பைண்டிங் வேலை பார்க்கிறான். போன வருஷத்து டைரி. கிழமை பொருந்தாது, தேதி பொருந்தும்.

அக்டோபர் 4

ரேஷனில் பாமாயில் வரவில்லை. பச்சரிசிதான் போட்டார்கள். தெருக்குழாயில் தண்ணீர் கலங்கலாக வந்தது.

அக்டோபர் 7

அழகுமலை இன்று ஒரு புத்தகம் கொண்டுவந்தான். "ஆத்தா, இது ஒங்க காலத்துப் புத்தகமாம்ல. இப்ப எங்க ஆபீஸ்ல திருப்பி அடிக்கோம்" என்றான். கையில் வாங்கியதும் தெரிந்துவிட்டது. நீலச்சுடர். பறந்து வந்து கப்பலைத் தூக்குகிற நீலச்சுடரின் படக்கதை.

இந்தப் புத்தகத்தை முதலில் அச்சடித்தபோது நான் அந்த ஆபீஸில் தாள் மடிக்கிற வேலையில் இருந்தேன். அப்போதெல்லாம் ஒவ்வொரு நிறமாக மிஷினில் ஏற்றுவார்கள். ஒருநாள் நீல மை மட்டும் ஏறாமல் கொஞ்சம் தாள் ஓடிவிட்டது. கழிவில் போட்டார்கள். மேஸ்திரியிடம் கேட்டு ஒரு புத்தகத்துக்கு ஆகும் தாளை எடுத்துவந்து, பக்க எண் பார்த்து மடித்து, சாக்கு ஊசியால் தைத்தேன். எண் தெரியும், எழுத்து தெரியாது. தெய்வேந்திரனுக்கு அப்போது ஐந்து வயது.

படத்தைப் பார்த்துப் பார்த்துக் கதை சொன்னேன். நீலம் ஏறாததால் கடல் வெள்ளை, வானம் வெள்ளை, அவன் தோளில் கட்டிய துணியும் வெள்ளை. "நீலச்சுடர்னு பேரு, ஏம்மா வெள்ளையா இருக்கான்?" என்று கேட்டான். "தொவைச்சுத் தொவைச்சு சாயம் போயிருச்சுய்யா" என்றேன்.

பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், "நீயா சொல்லாத, எழுதியிருக்கிறதச் சொல்லு" என்று அடம் பிடித்தான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எழுத்து படித்தேன். அவன் சிலேட்டைப் பார்த்து, தீப்பெட்டி லேபிளைப் பார்த்து, மை டப்பாவைப் பார்த்து. எனக்கு ஒருவரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. முழுசாகக் கூட்டிப் படிக்க வந்தபோது அவன் மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டான், புத்தகத்தையும் யாருக்கோ இரவல் கொடுத்துத் தொலைத்துவிட்டான். அதற்கு அடி வாங்கினான்.

ஆக, அந்தப் புத்தகத்தை நான் எழுத்துக் கூட்டிப் படித்ததே இல்லை. இப்போது படிக்கப் போகிறேன்.

அக்டோபர் 9

ஆபரேஷன் செய்த கண்ணில் நீர் வருகிறது. ஒரு நாளைக்கு நாலு பக்கத்துக்கு மேல் முடியவில்லை. ஆனால் நீலம் ஏறிய தாளில் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. கடல் கடலாக இருக்கிறது.

கதை நான் சொன்ன கதைதான். நட்சத்திரத்திலிருந்து ஒரு குழந்தை கடலில் விழுகிறது. கலங்கரை விளக்கக் காவல்காரர் மனைவி செம்பவளம் வலையை வீசி அதை எடுக்கிறாள். பிள்ளை இல்லாதவள். அவளுக்கு நீலச் சேலை. பழைய தாளில் அவள் சேலையும் வெள்ளையாகத்தான் இருந்தது. பெற்றவளை எதிரி ஒருவன் பனிமலையில் அடைத்து வைத்திருக்கிறான். அவளுக்கு வெள்ளைச் சேலை.

கடைசிப் பக்கம் எனக்கு மனப்பாடம். நீலச்சுடர் ஓடிவந்து ஒரு அம்மாளைக் கட்டிப்பிடித்துக்கொள்வான். வளர்த்தவளிடம் திரும்பி வந்துவிட்டான். ஊரெல்லாம் சுற்றி, பெற்றவளையும் பார்த்துவிட்டு, கடைசியில் வலை வீசி எடுத்தவளிடம்தான் வந்தான். பின்னால் வாசலில் ஒருத்தி நிற்பாள். "அது யாரும்மா?" என்று கேட்பான். வேலைக்காரி என்று சொல்வேன்.

தெய்வேந்திரன் அடுத்த முறை வரும்போது அந்தப் பக்கத்தை அவன் முன்னால் உரக்கப் படிக்கப் போகிறேன். சின்னப் பிள்ளையில் அவன் வாயால் படித்த பக்கம். "அம்மா, திரும்பி வந்துட்டேன், இனிமே ஒங்கள விட்டு எங்கேயும் போக மாட்டேன்" என்று அவனே எனக்கு எத்தனை முறை படித்துக் காட்டியிருக்கிறான். கல்யாண மண்டபத்தில் அது எங்கே போனது என்று கேட்க வேண்டும்.

அக்டோபர் 12

தெய்வேந்திரன் மறுபடியும் வந்தான். முகம் கறுத்திருந்தது. மதுரையில் வேலையை விட்டுவிட்டு சாத்தூரிலேயே கிடக்கிறான் போலிருக்கிறது. சவரம் செய்யவில்லை. சுண்டைக்காய் வற்றல் குழம்பு இருந்தது. பூனையிடம் சொல்லி உட்கார வைத்தேன்.

அலமாரி மேல் புத்தகத்தைப் பார்த்ததும் சாப்பாட்டை நிறுத்திவிட்டான்.

"இது எப்படிம்மா இங்க வந்துச்சு?"

"அழகுமலை கொண்டாந்தான்னு சொல்லு" என்றேன் பூனையிடம்.

"கடைசி வரைக்கும் படிச்சிட்டியா?"

பாதிதான் ஆயிற்று என்று பூனையிடம் சொன்னேன். அவன் கையைக் கழுவாமலே எழுந்து வந்தான்.

"ஆபரேஷன் பண்ணின கண்ணும்மா. மூடி வச்சிரு. மிச்சத்த நான் வந்து படிச்சுச் சொல்லுதேன்."

அவனுக்குப் பயம் வந்துவிட்டது. நான் எதற்காகப் படிக்கிறேன் என்று கண்டுபிடித்துவிட்டான். வரட்டும்.

போகும்போது, சித்திக்குப் பேச்சு ரொம்பக் குறைந்துவிட்டது, சீக்கிரம் வந்து பார் என்றான். அவள் எப்போது நிறையப் பேசியிருக்கிறாள். மணையில் உட்கார்ந்தபோதும் தலையைக் குனிந்துகொண்டு ஒரு வார்த்தை பேசவில்லையே. "நாலு வார்த்தை சொல்லுறதுக்கு அம்புட்டுத் தெம்பா வேணும்னு கேளு" என்றேன். அவன் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனான்.

இன்னும் அவளைச் சித்தி என்றுதான் சொல்கிறான். இதையும் எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 13

மழை. துணி காயவில்லை. கண் வலி.

அக்டோபர் 15

படித்து முடித்துவிட்டேன்.

மிளகாய் வற்றலை உள்ளே எடுத்து வைத்தேன்.

அக்டோபர் 16

சமைக்கவில்லை. அழகுமலை பெண்டாட்டி இட்லி கொடுத்தாள். பூனைக்கு வைத்தேன்.

அக்டோபர் 17

எழுதாமல் விட்டால் பொய் சொன்ன மாதிரி ஆகும். அதனால் எழுதுகிறேன்.

கடைசிப் பக்கத்தில் நீலச்சுடர் கட்டிப்பிடித்திருப்பவள் வெள்ளைச் சேலைக்காரி. பெற்றவள். பனிமலையை உடைத்து அவளைக் கூட்டி வந்துவிட்டான். படத்துக்கு மேல் எழுதியிருப்பது, "அம்மா, உன்னைக் கண்டுபிடித்துவிட்டேன்" என்பதுதான். "திரும்பி வந்துட்டேன்" என்று எங்கும் இல்லை. இரண்டு முறை படித்தேன். இல்லை.

வாசலில் நிற்பவளுக்கு நீலச் சேலை. கையில் எண்ணெய்ச் செம்பு. அவள் சொல்வதாக ஒரே ஒரு வரி போட்டிருக்கிறார்கள். "பேசிக்கொண்டிரு மகனே, நான் விளக்கை ஏற்றிவிட்டு வருகிறேன்."

நீலம் ஏறாத தாளில் இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் தெரிந்தார்கள். யாராக இருந்தாலும் நான் சொன்ன மாதிரிதான் சொல்லியிருப்பார்கள். அதில் என் தப்பு எதுவும் இல்லை.

ஆனால் அவனுக்கு எழுத்து தெரியும். இரண்டாம் வகுப்பிலேயே தினத்தாளைத் தடையில்லாமல் படித்தவன். கடைசிப் பக்கத்தை விரல் வைத்துத்தான் எனக்குப் படித்துக் காட்டுவான். எழுதியிருந்ததை விட்டுவிட்டு நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொல்லியிருக்கிறான். விரல் ஒரு எழுத்திலும் நிற்காமல் ஓடும். நான் அவன் சாமர்த்தியத்தை நினைத்துப் பூரித்துக்கொண்டிருந்தேன்.

நான் கூட்டிப் படிக்க ஆரம்பித்தபோதுதான் புத்தகம் தொலைந்தது.

வாசலில் நிற்பவளை வேலைக்காரி என்று சொன்னது நான்தான். அதை இங்கே எழுதியாயிற்று. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

அக்டோபர் 19

சாத்தூருக்குப் போய் வந்தேன். குருவம்மாளைப் பார்க்கப் போகவில்லை. புத்தகத்தைப் பற்றி அவனிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. அதற்குத்தான் போனேன்.

மூத்த மருமகள்தான் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். குருவம்மாள் சொல்ல வேண்டியதைச் சொல்லட்டும், நான் உள்ளே வருகிறேன் என்றேன். அவள் விழித்தாள்.

"அத்தைக்கு நாலு மாசமா பேச்சே இல்லையே பெரியம்மா. வாய் இழுத்துக்கிருச்சு. தெய்வு சொல்லலையா?"

நான் செம்பைத் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

என்னைவிட இளையவள். கட்டிலில் ஒரு பிடிதான் இருந்தாள். வாய் ஒரு பக்கமாகப் போயிருந்தது. கண் மட்டும் அப்படியே இருந்தது. தெய்வேந்திரன் அவளுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தான், ஸ்பூனால், வழிவதைத் துடைத்துத் துடைத்து. என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

தலையணைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஒன்று இருந்தது. நான் தைத்த நூலை எனக்குத் தெரியாதா. சாக்கு நூல், நாலு தையல். அட்டையில் வெள்ளைத் துணி கட்டிய நீலச்சுடர்.

பூனை சிவகாசியில் இருந்தது. அதனால் அவனிடமே கேட்டேன்.

"தொலைஞ்சு போச்சுன்னு சொன்னியேய்யா?"

"ஒங்கிட்ட இருந்தா ஒருநாள் படிச்சிருவன்னு தோணுச்சும்மா. கிழிச்சுப் போட மனசு வரல. அதான் சித்திகிட்டக் குடுத்து வச்சேன்."

"அதுக்கு ஒன்ன அடிச்சேனே."

"வெளக்குமாத்தாலல்லா அடிச்ச" என்றான். சிரித்தான். பிறகு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான்.

குருவம்மாள் எட்டாவது வரை படித்தவள். பெற்றவளுக்குப் பிள்ளை திரும்பக் கிடைக்கிற கதையை அந்தப் பிள்ளையே கொண்டுவந்து அவள் கையில் கொடுத்திருக்கிறான். அவள் அதை வாங்கி வைத்துக்கொண்டு, எட்டு வயசிலிருந்து கல்யாண வயசு வரைக்கும் அவன் சித்தி என்று கூப்பிட, "என்னய்யா" என்று கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். என்னிடம் ஒரு சொல் இல்லை. அக்கா, நீ சொல்கிற கதை தப்பு என்றுகூடச் சொல்லவில்லை.

நான் அவளிடம் எதுவும் பேசவில்லை. முதலில் நானாகப் பேசுவதாக ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவளுக்கு இடது கை மட்டும் வேலை செய்கிறது. அதை மெதுவாக நகர்த்தி முந்தானையின் ஓரத்தைப் பிடித்தாள். விரலால் சேர்த்துச் சேர்த்து, குவித்து, என் பக்கமாக ஏந்தினாள். கோயில் வாசலில் தவிடு வாங்க ஏந்தின மாதிரியே.

என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் எழுதுவேன்.

கையில் ஒன்றும் இல்லை. என் கையைத்தான் அதில் வைத்தேன். அவள் மூடிக்கொண்டாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மருமகள் வந்து சொல்லும் வரைக்கும் விடவில்லை.

அக்டோபர் 22

விடியும்போது குருவம்மாள் போய்விட்டாள். அழகுமலை ஆட்டோ பிடித்துக் கொடுத்தான்.

மத்தியானம் பாடை கட்டி முடிந்ததும் கொள்ளி யார் வைப்பது என்று பேச்சு வந்தது. எங்கள் பக்கத்தில் தாய்க்கு இளைய மகன். இளையவன் தெய்வேந்திரன். தவிட்டுக்குப் போன பிள்ளைக்கு இங்கே என்ன உரிமை, நடுவுள்ளவன் வைக்கட்டும் என்றார் எங்கள் தாய்மாமன் மகன் சங்கரமூர்த்தி. கல்யாணத்தில் என்னை ஸ்டோர் ரூமுக்கு அனுப்பியவர் அவர்தான். கைத்தடியை ஊன்றிக்கொண்டு அன்று பேசின அதே குரலில் பேசினார். நடுவுள்ளவனும் சரி என்று வேட்டியை மடித்துக் கட்டினான். தெய்வேந்திரன் சுவர் ஓரமாக நின்று என்னைப் பார்த்தான்.

என் பிள்ளை இங்கே கொள்ளி வைக்கக் கூடாது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்கு உரிமை இருந்தது. எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள்.

பெண்கள் நடுவிலிருந்து எழுந்து போய் அவர் முன்னால் நின்றேன்.

"தவிடு குடுத்து வாங்கினவ நான். அவன் என் பிள்ளை. அதுல மாத்தம் இல்ல. என் பிள்ளை அவன் சித்திக்குக் கொள்ளி வைப்பான். நான் அனுப்பி வைக்கேன். திருப்பிக் குடுத்துட்டேன்னு ஒருத்தரும் நெனச்சிர வேண்டாம்."

சங்கரமூர்த்தி, பொம்பளை சபையில் பேசுவது வழக்கமில்லை என்று ஆரம்பித்தார்.

"வழக்கத்தைத்தான் மச்சான் அன்னைக்குப் பாத்தேனே, சாவியைக் கையில வச்சுக்கிட்டு" என்றேன். அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வழிவிட்டார்.

தெய்வேந்திரன் கொள்ளிச் சட்டியை எடுத்துக்கொண்டு திரும்பி, "போயிட்டு வாரேம்மா" என்றான். அவள் பாடையில் இருந்தாள், நான் அவள் தலைமாட்டில் நின்றேன். இரண்டு பேரும் ஒரே பக்கம்தான். யாரிடம் சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 25

பூனை குட்டி போட்டிருக்கிறது. துணிக்கூடைக்குள்.

அக்டோபர் 30

தெய்வேந்திரன் மொட்டைத் தலையோடு வந்தான். கூட அவன் மகள் அமுதினி. போட்டோவில் பார்த்ததைவிட உயரம். காபியா, பாலா என்று அவளிடமே கேட்டேன். பால் என்றாள். அவனிடமும் நேராகத்தான் கேட்டேன், பூனை குட்டிகளோடு கிடப்பதால்.

பழைய புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

நவம்பர் 7

நேற்று காரியம் முடிந்தது. குருவம்மாளை நான் மன்னித்துவிட்டேன் என்று ஊரில் பேசிக்கொள்வதாக அழகுமலை சொன்னான். அப்படி நான் எங்கும் சொல்லவில்லை. மணை விஷயத்தில் நடந்தது அநியாயம்தான். அவள் நாலு வார்த்தை சொல்லாமலே போய்விட்டாள். நானும் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன். அதைச் சரிக்கட்ட இனி ஒருவராலும் முடியாது.

முடிகிறதை இங்கே எழுதுகிறேன். இதைத் தெய்வேந்திரன் படிப்பான். எழுதியிருக்கிறதை எழுதியிருக்கிறபடியே படிக்க வேண்டும்.

எனக்கு அவன்தான் கொள்ளி வைக்க வேண்டும். தலையில் முடி சரியாக வளரவில்லை என்றாலும் மறுபடி மொட்டை அடிக்க வேண்டும். கொள்ளிச் சட்டியை எடுக்கும்போது அங்கே சொன்னதை இங்கேயும் சொல்ல வேண்டும்.

அமுதினி கல்யாணப் பத்திரிகையில் அப்பாயி என்று இரண்டு பேரையும் போட வேண்டும். என் பெயர் முதலில், குருவம்மாள் பெயர் அடுத்து. இதில் யாரும் கை வைக்கக் கூடாது.

அந்தக் கல்யாணத்தில், தெய்வேந்திரனுக்கு ஏதாவது ஆகியிருந்தாலும், அவன் பெண்டாட்டிதான் மணையில் உட்கார வேண்டும். தாலி இருக்கிறதா என்று கேட்கிறவர்களிடம் ஸ்டோர் ரூம் சாவியைக் கொடுத்து வாசலில் நிற்கச் சொல்ல வேண்டும். இதை அமுதினி பார்த்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு என் குணம் வந்திருக்கிறது. ரத்தம் இல்லாமல் எப்படி வரும் என்று ஒருவரும் கேட்க வேண்டாம்.

குலசாமி கோயிலுக்கு ஒரு படி தவிடு தெய்வேந்திரன் கொண்டுபோய், வாசலில் நிற்கிற மாட்டுக்கு வைக்க வேண்டும். யார் கேட்டாலும் காரணம் சொல்ல வேண்டாம்.

நீலம் ஏறிய புத்தகமும் ஏறாத புத்தகமும் ஒரே பையில் இருக்க வேண்டும். பிரிக்கக் கூடாது. பூனைக்குட்டிகளை அழகுமலை பெண்டாட்டி எடுத்துக்கொள்ளலாம், தாயைவிட்டுப் பிரியும் வயசு வந்த பிறகு.

அழகுமலைக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த தடவை அச்சேற்றும்போது ஆபீஸில் படம் போடுகிறவரிடம் சொல்லி, கடைசிப் பக்கத்தில் வாசலில் நிற்கிறவளுக்கு உட்கார ஒரு முக்காலி போடச் சொல்ல வேண்டும். விளக்கை ஏற்றிவிட்டு அவள் திரும்பி வருவாள்.